"தலைப்பு மட்டும் கொஞ்சம் யோசிக்கலாமா?"

நாவல் முடிந்து பதிப்பகத்துக்குப் போய்விட்டது. அவர்களுக்கும் பிடித்திருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது, அட்டைக்கு ஓவியர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு போன் வரும். "எல்லாம் நல்லா வந்திருக்கு சார், தலைப்பு மட்டும் கொஞ்சம் யோசிக்கலாமா?"

புதிதாக எழுத வந்தவர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் புழுங்குவார்கள். இல்லையென்றால், தலைப்பை மாற்றுவதாக இருந்தால் கைப்பிரதியைத் திருப்பிக் கொடுங்கள் என்று வரிந்துகட்டுவார்கள். இரண்டுமே தொழிலுக்கு ஆகாது. மெய்ப்புத் திருத்துவது மாதிரி, பின்னட்டை வாசகம் எழுதுவது மாதிரி, தலைப்பை மாற்றுவதும் பதிப்பு வேலையில் ஒரு கட்டம். அதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது. பேசும் முறையும் இருக்கிறது.

எழுதுகிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. பதிப்பகத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்திருப்பவருக்கும் சேர்த்துத்தான். நாளை அந்த போனைச் செய்யவேண்டியவர் அவர்தானே.

எழுதும்போது வைத்த பெயர்

எழுதிக்கொண்டிருக்கும்போது நாவலுக்கு ஏதோ ஒரு பெயர் தேவைப்படுகிறது. கணினியில் கோப்பைச் சேமிக்க வேண்டும், நண்பர் கேட்டால் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், தான் என்ன எழுதுகிறோம் என்பதை எழுதுகிறவர் தனக்கே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். ஜான் ஸ்டெய்ன்பெக் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலை எழுதும்போது அதற்கு வைத்திருந்த பெயர் 'சம்திங் தட் ஹேப்பண்ட்'. நடந்துபோன ஒன்று, அவ்வளவுதான். யார் மேலும் பழி போடாமல், நடந்ததை நடந்தபடி சொல்லிப் போக வேண்டும் என்ற முடிவு அந்தப் பெயரில் இருக்கிறது. எழுதும் மேசையில் அதைவிட நல்ல பெயர் கிடையாது. கடை அலமாரியில் அது ஒருவரையும் நிறுத்தி வைக்காது. 1937-ல் புத்தகம் வந்தபோது ராபர்ட் பர்ன்ஸ் கவிதையிலிருந்து எடுத்த பெயர் அட்டையில் இருந்தது.

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' ரஷ்யப் பத்திரிகையில் 1865-ல் வரத் தொடங்கியபோது அதன் பெயர் '1805'. கதை அந்த ஆண்டில் தொடங்குகிறது, அதனால் அந்தப் பெயர். பிறகு கதை வளர்ந்து நெப்போலியனின் படையெடுப்பையும் தாண்டிப் போனபோது ஓர் ஆண்டுக்குள் அது அடங்கவில்லை.

எழுதும்போது கதை நகர்ந்தால் பெயரும் நகர வேண்டும். ஹார்ப்பர் லீ 1957-ல் லிப்பின்காட் பதிப்பகத்துக்குக் கொடுத்த கைப்பிரதியின் பெயர் 'கோ செட் எ வாட்ச்மன்'. வளர்ந்த பெண் ஒருத்தி சொந்த ஊருக்குத் திரும்பி வருகிற கதை. டே ஹோஹாஃப் என்ற பதிப்பாசிரியர் அதைப் படித்துவிட்டு, அதில் வருகிற குழந்தைப் பருவ நினைவுகளில்தான் உயிர் இருக்கிறது என்று கண்டுகொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திருப்பித் திருப்பி எழுதவைத்தார். நடுவில், கதையில் வரும் தகப்பனின் பெயரான 'ஆட்டிகஸ்' தலைப்பாக வந்து போனது. கடைசியில் 1960-ல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வெளியானது. தகப்பன் பெயரை விட்டதற்குக் காரணம் எளிது: ஒரு பாத்திரத்தின் பெயரில் அடங்குவதைவிடக் கதை பெரிதாகிவிட்டது. முதல் கைப்பிரதி அதன் பழைய பெயரிலேயே 2015-ல் அச்சுக்கு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், பெயர் மாற்றம் எவ்வளவு பெரிய உள்மாற்றத்தின் அடையாளம் என்று தெரியும்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டிய நடைமுறை இதுதான். எழுதும்போது என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் முகநூலில் அறிவிக்காதீர்கள். "என் அடுத்த நாவல்" என்று பெயரோடு பதிவு போட்டு முந்நூறு பேர் வாழ்த்திவிட்டால், அதன்பிறகு அந்தப் பெயரை விடுவது மானப் பிரச்சினை ஆகிவிடும். நாவல் முடியும்வரை அது கோப்பின் பெயராகவே இருக்கட்டும்.

தமிழில் இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு, வாரப் பத்திரிகைத் தொடர்கள். முதல் அத்தியாயம் எழுதுவதற்கு முன்பே "விரைவில்" என்று தலைப்போடு விளம்பரம் வந்துவிடும். பிறகு கதை எங்கே போனாலும் பெயர் அங்கேயேதான் நிற்க வேண்டும். தொடர்கதைத் தலைப்புகள் பல, எந்தக் கதைக்கும் பொருந்தும்படி பொதுவாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தொடராக வந்ததைப் புத்தகமாக்கும்போது பெயரை மறுபடி யோசிக்க உங்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

ஒரு நாவல், அரை டஜன் பெயர்

தலைப்புப் பேச்சுவார்த்தை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு வரலாற்றைப் படித்தால் போதும். எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட், அவருடைய பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ், ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகம், 1924-25.

இன்று 'தி கிரேட் கேட்ஸ்பி' என்று நாம் படிக்கிற நாவலுக்கு ஃபிட்ஸ்ஜெரால்ட் வைத்துப் பார்த்த பெயர்கள் கொஞ்சநஞ்சமில்லை. சாம்பல் மேடுகளையும் கோடீஸ்வரர்களையும் சொல்லும் பெயர் ஒன்று. வெஸ்ட் எக் என்ற கற்பனை ஊரைச் சொல்லும் பெயர் ஒன்று. கேட்ஸ்பியின் தங்கத் தொப்பியைச் சொல்வது ஒன்று, துள்ளிக் குதிக்கும் காதலனைச் சொல்வது இன்னொன்று. 1924 நவம்பரில் அவர் முடிவாகச் சொன்ன பெயர் 'டிரிமால்கியோ இன் வெஸ்ட் எக்'. டிரிமால்கியோ என்பவன் பெட்ரோனியஸ் எழுதிய பழைய லத்தீன் நூலில் வருகிறவன். அடிமையாக இருந்து விடுதலை பெற்று, பணம் குவித்து, ஊரைக் கூட்டித் தடபுடலாக விருந்து வைக்கிறவன். கேட்ஸ்பிக்கு அச்சாகப் பொருந்துகிற ஒப்புமை. படித்தவர்கள் ரசிப்பார்கள்.

படிக்காதவர்கள்? அந்தப் பெயரை அவர்களால் உச்சரிக்கவே முடியாது. பெர்கின்ஸ் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. தன்னைத் தவிர அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை என்று எழுதினார். நாவலை வரிக்கு வரி புகழ்ந்த கடிதங்களுக்கு நடுவே, நண்பனின் குரலில், இதை நுழைத்தார். ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவி ஸெல்டாவும் 'தி கிரேட் கேட்ஸ்பி' என்ற பெயரின் பக்கம். ஃபிட்ஸ்ஜெரால்ட் அரைமனதாக இறங்கி வந்தார்.

அதோடு முடியவில்லை. 1925 மார்ச்சில், புத்தகம் வெளிவர மூன்று வாரமே இருந்தபோது, இத்தாலியில் காப்ரித் தீவிலிருந்து ஒரு தந்தி வந்தது. அமெரிக்கக் கொடியின் மூன்று நிறங்களைச் சொல்லும் 'அண்டர் தி ரெட், ஒயிட் அண்ட் புளூ' என்ற பெயரில் தனக்குப் பைத்தியமே பிடித்திருப்பதாகச் சொல்லி, மாற்றினால் எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று கேட்டிருந்தார். பல வாரம் தள்ளிப்போகும் என்று பதில் போனது. ஏப்ரல் 10-ல் பழைய பெயரோடே புத்தகம் வெளியானது.

ஃபிட்ஸ்ஜெரால்டுக்குக் கடைசிவரை அந்தப் பெயர் முழுத் திருப்தி தரவில்லை. என் கணிப்பில் பெர்கின்ஸ் சொன்னதுதான் சரி. அதைவிட, அவர் சொன்ன விதம் சரி. கவனிக்கவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது: டிரிமால்கியோ ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஏழாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், கேட்ஸ்பி விருந்துகளை நிறுத்துகிற இடத்தில், அந்தப் பெயர் ஒருமுறை வந்து போகிறது. அட்டையிலிருந்து இறங்கி உள்ளே உட்கார்ந்துகொண்டது. உங்கள் பழைய தலைப்புக்கும் இப்படி ஓர் இடம் கொடுக்கலாம். ஓர் அத்தியாயத் தலைப்பாகவோ ஒருவர் வாயில் வருகிற பேச்சாகவோ அது மிஞ்சட்டும். விட்டுக்கொடுத்த வருத்தம் பாதி குறையும்.

எதற்காகக் கேட்கிறார்கள்?

போன் வந்ததும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: "என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க." காரணம் தெரியாமல் மாற்றுப்பெயர் யோசிக்க உட்காராதீர்கள். காரணத்துக்குக் காரணம் மருந்து வேறு.

சிலசமயம் பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டிருப்பார். ஜோசப் ஹெல்லரின் 'கேட்ச்-22' முதலில் 'கேட்ச்-18'. அதன் தொடக்கப் பகுதி 1955-லேயே அந்தப் பெயரில் ஓர் இலக்கிய இதழில் வந்திருந்தது. 1961-ல் சைமன் அண்ட் ஷுஸ்டர் அதைப் புத்தகமாகக் கொண்டுவரும் நேரத்தில், லியோன் யூரிஸின் 'மிலா 18' வரப்போகிறது என்று தெரிந்தது. யூரிஸ் 'எக்ஸோடஸ்' எழுதிப் புகழின் உச்சியில் இருந்தவர். ஹெல்லருக்கு இது முதல் நாவல். யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் பஞ்சாயத்து வைக்கவில்லை.

இங்கே பதிப்பாசிரியர் ராபர்ட் காட்லிப் எப்படி வேலை செய்தார் என்று பாருங்கள். தலைப்பின் கருவைத் தொடவில்லை, எண்ணை மட்டும் மாற்றத் தேடினார். 11 என்றால் 'ஓஷன்ஸ் 11' படம் அப்போதுதான் வந்திருந்தது. 17 என்றால் 'ஸ்டாலக் 17' என்ற போர்ப் படம் ஏற்கெனவே இருந்தது. 14-ஐ ஹெல்லரே சொல்லிப் பார்த்தார். கடைசியில் காட்லிப்புக்கு 22 தோன்றியது. 18-ஐவிட அது வேடிக்கையாக ஒலிக்கிறது என்றார். எண்ணில் என்ன வேடிக்கை என்று நாம் கேட்கலாம். ஆனால் ஒரே சம்பவம் திரும்பத் திரும்ப வருகிற நாவலுக்கு ஒரே இலக்கம் இரட்டித்து நிற்பது பொருத்தம்தான். இன்றைக்கு அந்தப் பெயர் ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது.

இதே மோதலில் ஜேன் ஆஸ்டின் இரண்டு முறை சிக்கினார். அவர் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்' என்ற பெயரில் எழுதிய நாவலை அப்பா 1797-ல் லண்டனில் ஒரு பதிப்பாளருக்குச் சொல்லி அனுப்பினார். கைப்பிரதியைப் பார்க்காமலே வேண்டாம் என்று பதில் வந்தது. பிறகு அதே பெயரில் இன்னொருவரின் நாவல் வந்துவிட்டது. ஆஸ்டினுடையது 1813-ல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஆக வெளியானது. 'சூசன்' என்ற இன்னொன்றை 1803-ல் 10 பவுண்டுக்கு வாங்கிய பதிப்பாளர் அதை அச்சிடவே இல்லை. 1809-ல் வேறு யாரோ 'சூசன்' என்று ஒரு நாவல் வெளியிட்டார்கள். 1816-ல் அதே 10 பவுண்டைக் கொடுத்துக் கைப்பிரதியை மீட்ட ஆஸ்டின், கதாநாயகியின் பெயரைக் கேத்தரின் என்று மாற்றினார். இன்று நாம் படிக்கிற 'நார்த்தேங்கர் அபே' என்ற தலைப்பை அவர் பார்க்கவில்லை. 1817 ஜூலையில் இறந்துபோனார், புத்தகம் அந்த ஆண்டு முடிவில்தான் வந்தது. உரிமையை விற்றுவிட்டு, எப்போது அச்சிடுவார்கள் என்று எழுதி வாங்காமல் விட்டால் தலைப்பும் போகும், ஆண்டுகளும் போகும்.

இன்னொரு காரணம், தலைப்பு தப்பான ஆளைக் காட்டுவது. அயன் ராண்டின் 'தி ஃபவுண்டன்ஹெட்' முதலில் 'செகண்ட் ஹேண்ட் லைவ்ஸ்'. இரவல் வாழ்க்கை வாழ்கிறவர்கள் அந்த நாவலின் வில்லன்கள். அந்தப் பெயர் வில்லன்களையே முன்னால் நிறுத்துகிறதே என்று பதிப்பாசிரியர் ஆர்ச்சிபால்ட் ஆக்டன் சுட்டிக்காட்டினார். ராண்ட் லேசில் இறங்கி வருகிறவர் இல்லை. இதை மட்டும் ஒப்புக்கொண்டார், காரணம் நாவலுக்குள்ளிருந்தே வந்தது என்பதால்.

ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' கதையும் இதே வகை. அவர் வைத்த பெயர் 'தி சீ குக்', கப்பல் சமையல்காரன். ஒற்றைக்கால் சில்வர் அந்தக் கப்பலின் சமையல்காரன்தான், பெயரில் பிழை இல்லை. ஆனால் 'யங் ஃபோக்ஸ்' என்ற சிறுவர் வார இதழை நடத்திய ஜேம்ஸ் ஹெண்டர்சனுக்குத் தன் வாசகர்களைத் தெரியும். சமையல்காரனைப் பார்க்கப் பையன்கள் பைசா கொடுக்க மாட்டார்கள், புதையலுக்குக் கொடுப்பார்கள். 1881-ல் தொடர் தொடங்கும்போதே பெயரை மாற்றிவிட்டார்.

விற்பனைக் காரணத்தைச் சொன்னாலே சில எழுத்தாளர்களுக்குக் கோபம் வருகிறது. ஜார்ஜ் ஆர்வெலுக்கு வரவில்லை. 1948 அக்டோபரில் காசநோயோடு ஜுரா தீவில் இருந்தபடி பதிப்பாளர் ஃப்ரெட்ரிக் வார்பர்குக்கு எழுதினார். 'நைன்டீன் எய்ட்டி ஃபோர்' அல்லது 'தி லாஸ்ட் மேன் இன் யூரோப்', இரண்டுக்கும் நடுவே தயங்குவதாகச் சொன்னார். வார்பர்க் முதலாவது விற்கும் என்றார். முடிந்தது. இரண்டு பெயரும் தனக்கு ஏற்புடையவை என்பதை முதலிலேயே உறுதி செய்துகொண்டு, தேர்வை மட்டும் வார்பர்கிடம் விட்டார். எந்த மேலாளரிடமும், எந்த வாடிக்கையாளரிடமும் செல்லும் உத்தி இது. உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்கள்.

புதுப் பெயர் எங்கே கிடைக்கும்?

பெரும்பாலும் கைப்பிரதிக்குள்ளேயே. வில்லியம் கோல்டிங் சாலிஸ்பரியில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது எழுதிய நாவலின் பெயர் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஃப்ரம் விதின்'. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிரதி அது. ஃபேபர் பதிப்பகத்திலும் முதலில் படித்தவர் குப்பை என்று குறிப்பெழுதிவிட்டார். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த சார்லஸ் மான்டீத் அதைக் குவியலிலிருந்து எடுத்துப் படித்துக் காப்பாற்றினார். வேலைக்குச் சேர்ந்தவுடன் ஒதுக்கிப்போட்ட குவியலைப் புரட்டுங்கள் என்று இளம் எடிட்டர்களுக்கு நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும். பெயர் ஃபேபரில் யாருக்கும் பிடிக்கவில்லை. கோல்டிங் தீவு, கனவு, குழந்தைகளின் அலறல் என்று வெவ்வேறு பெயர்களை அனுப்பினார், எதுவும் ஒட்டவில்லை. அங்கிருந்த ஆலன் பிரிங்கிள் என்ற இன்னொரு எடிட்டர் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' என்றார். குச்சியில் செருகிய பன்றித்தலை, அதை மொய்க்கிற ஈக்கள்: நாவலின் நடுவிலேயே இருந்த காட்சி. எழுதியவரின் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது.

பிராம் ஸ்டோக்கர் இன்னும் வேடிக்கை. அவருடைய தட்டச்சுப் பிரதியில் பெயர் 'தி அன்டெட்'. இறந்தும் இறக்காதவர்கள். வில்லனுக்குக் குறிப்புகளில் முதலில் வைத்த பெயர் 'கவுன்ட் வாம்பிர்'. 1890-ல் விட்பி என்ற கடலோர ஊருக்கு விடுமுறைக்குப் போனபோது அங்கே நூலகத்தில் ஒரு பழைய வரலாற்றுப் புத்தகத்தில் 'டிராகுலா' என்ற பெயரைப் பார்த்தார். வில்லனுக்கு அது வந்தது. அட்டைக்கு வர ஏழு ஆண்டு ஆனது, 1897-ல் புத்தகம் வெளியாகும் தறுவாயில்தான்.

ஆகவே பெயர் தேடும்போது அகராதியையும் பழைய பாடல்களையும் கடைசியாகத் திறங்கள். முதலில் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு பென்சிலோடு உட்காருங்கள். யார் பேச்சிலாவது திரும்பத் திரும்ப வருகிற ஒரு சொல், ஊர் வாயில் புழங்குகிற ஒரு பட்டப்பெயர், ஒரு பொருள், ஒரு தெரு, எல்லோரும் பயப்படுகிற ஓர் இடம், இவற்றைக் கோடிட்டுக்கொண்டே போங்கள். பிறகு நாவலைப் படித்த இருவரிடம், "அந்தக் கதைன்னு யார்கிட்டயாவது சொல்லணும்னா எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். "அந்தக் கிணறு வருமே, அந்தக் கதை" என்பார்கள். தலைப்பு பாதி அங்கேயே இருக்கும்.

எதுவும் கிடைக்காமல் தலையைப் பிய்த்துக்கொண்டாலும் பாதகமில்லை. 1974-ல் வெளியான பீட்டர் பெஞ்ச்லியின் சுறா நாவலுக்கு நூற்றுக்கணக்கில் பெயர் யோசித்தார்கள். நீரின் அமைதி, ஆழத்தின் மௌனம் என்று ஒரே கவித்துவம். அச்சுக்குப் போகிற கடைசி நிமிடத்தில், பட்டியல் முழுவதிலும் தங்களுக்குப் பிடித்திருந்தது ஒரே சொல்தான் என்று எழுத்தாளரும் டபுள்டே எடிட்டர் டாம் காங்டனும் ஒப்புக்கொண்டார்கள்: 'ஜாஸ்'. என்ன அர்த்தம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சின்னதாக இருக்கிறது, அட்டையில் அடங்கும் என்றே இருவரும் சமாதானமானார்கள். ஸ்பீல்பெர்க் படம் எடுத்த பிறகு யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

நம் ஊர்க் கணக்கு

தமிழில் முதல் நாவல்களின் தலைப்புகளைப் பார்த்தால் வேலை எவ்வளவு எளிதாக இருந்தது என்று தோன்றும். 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879. 'பத்மாவதி சரித்திரம்' 1898. ஆள் பெயர் ஒன்று, அதன்பின் சரித்திரம். ராஜமையரின் நாவல் மட்டும் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்று இரட்டைப் பெயரோடு வந்தது. வாசகர்கள் முன்பாதியைக் கழற்றிவிட்டார்கள். இன்று கமலாம்பாள் மட்டும்தான் நிற்கிறாள். நீங்கள் சுருக்காவிட்டால் வாசகர் சுருக்கிவிடுவார்.

இன்றைய வேலையில் கணக்கு வேறு. தமிழ்ப் பதிப்பகங்களின் நாள்காட்டி ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றித்தான் ஓடுகிறது. நவம்பர், டிசம்பரில் அச்சகங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. தலைப்பைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் செப்டம்பருக்குள் பேசிவிடுங்கள். அட்டை தயாராகி, முன்பதிவு விளம்பரமும் போன பிறகு மாற்றச் சொன்னால், பதிப்பாளர் மரியாதையாகச் சிரிப்பார், மாற்ற மாட்டார். காப்ரியிலிருந்து தந்தி அடித்தவருக்கே நடக்கவில்லை.

ஐஎஸ்பிஎன் எண்ணையும் மறக்க வேண்டாம். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. விண்ணப்பத்திலேயே தலைப்பை எழுத வேண்டும். புத்தகம் வெளிவந்த பிறகு தலைப்பை மாற்றினால் அது புதுப் புத்தகக் கணக்கில் வரும், வேறு எண் வாங்க வேண்டும். பழைய பெயரில் நூலகத்தில் இருப்பதும் புதுப் பெயரில் கடையில் இருப்பதும் ஒன்றே என்று வாசகருக்கு யார் சொல்வது?

தலைப்புக்குப் பதிப்புரிமை உண்டா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. 'தேசி பாய்ஸ்' படத்தின் பெயர் தொடர்பான வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சினிமாக்காரர்கள் தங்கள் சங்கங்களில் தலைப்பைப் பதிவு செய்துவைப்பார்கள். நாவலுக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. சட்டம் தடுக்காது என்பதற்காக, ஏற்கெனவே புகழ்பெற்ற நாவலின் பெயரை வைக்காதீர்கள். இணையத்தில் தேடுகிறவருக்கு முதல் பத்துப் பக்கமும் அந்தப் பழைய புத்தகமே வரும்.

தேடல் என்றதும் இன்னொன்று. தமிழ்த் தலைப்பில் ஒற்று மிகுமா மிகாதா, சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று முதலிலேயே முடிவு செய்து, அட்டை, முதுகு, உள்பக்கம், இணையக் கடை நான்கிலும் ஒரே மாதிரி போடவையுங்கள். அட்டையில் ஒற்றோடும் இணையக் கடையில் ஒற்றில்லாமலும் இருந்தால், தேடுகிறவருக்குப் புத்தகம் அகப்படாமலே போகலாம். முதுகுப் பக்கத்தைத் தனியாகப் பார்த்துவிடுங்கள். நூற்றிருபது பக்கக் குறுநாவலின் ஒல்லியான முதுகில் ஐந்து சொல் தலைப்பு எறும்பு வரிசை மாதிரிதான் தெரியும்.

எப்போது அசையக் கூடாது?

இவ்வளவு சொன்னதால் எடிட்டர் கேட்டதெல்லாம் கொடுங்கள் என்று அர்த்தமில்லை. வில்லியம் ஃபாக்னர் 'இஃப் ஐ ஃபர்கெட் தீ, ஜெருசலேம்' என்ற பெயரில் ஒரு நாவல் எழுதினார். விவிலியத்தின் 137-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்த பெயர். அதில் இரண்டு கதைகள் அத்தியாயம் விட்டு அத்தியாயம் மாறி மாறி வரும். 'தி வைல்ட் பாம்ஸ்' ஒன்று, 'ஓல்ட் மேன்' மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்தது அந்தப் பெரிய தலைப்பு. 1939-ல் ரேண்டம் ஹவுஸ் அவர் விருப்பத்தை மீறி, ஒரு பாதியின் பெயரான 'தி வைல்ட் பாம்ஸ்' என்பதையே முழு நாவலுக்கும் வைத்தது. சில ஆண்டுகளில் மற்றப் பாதியைத் தனியாகப் பிரித்துத் தொகுப்பில் போட்டார்கள். ஃபாக்னர் வைத்த பெயர் 1990-ல்தான் திரும்ப வந்தது. அப்போது அவர் இறந்து இருபத்தெட்டு ஆண்டு.

இங்கே தலைப்பு நாவலின் கட்டுமானத்தில் ஒரு பகுதி. எடுத்தால் உள்ளே ஏதோ கழன்றுவிடுகிறது. உங்கள் தலைப்பு அப்படிப்பட்டதா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அதை எடுத்துவிட்டு நாவலைப் படித்தால் வாசகருக்குப் புரிவதில் ஏதாவது குறைகிறதா? குறைந்தால், அந்தக் குறையை ஒரே பத்தியில் எழுதி எடிட்டருக்கு அனுப்புங்கள். "எனக்குப் பிடிச்சிருக்கு", "ஆரம்பத்துல இருந்து இதுதான்", "மனைவிக்கும் இதுதான் பிடிக்கும்" இவையெல்லாம் அந்தப் பத்தியில் வரக் கூடாது.

எடிட்டராக இருப்பவர்களுக்கும் அதே விதி. "கொஞ்சம் கேட்சியா இல்ல சார்" என்பது காரணமே ஆகாது. கதையைப் பாராட்டிய பிறகு, தலைப்பில் இடறுவது எது என்று குறிப்பாகச் சொல்லுங்கள்: உச்சரிக்க முடியவில்லை, வேறு புத்தகம் இருக்கிறது, வேறு வகைக் கதை என்று நினைக்கவைக்கிறது. கையில் இரண்டு மாற்றுப்பெயராவது இல்லாமல் போன் போடாதீர்கள். முடிவு ஆனதும் யார் சொன்ன பெயர் என்பதை மறந்துவிடுங்கள். 22 தன் பிறந்த தேதி, அதனால்தான் வந்தது என்று ஹெல்லரின் ஏஜென்ட் சொன்னதையும் காட்லிப் அதை மறுத்ததையும் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெருமையில் சம்பளம் ஏறுவதில்லை.

ஒப்பந்தம் கைக்கு வரும்போது தலைப்பு இருக்கும் வரியைப் பாருங்கள். அதன் பக்கத்தில் 'தற்காலிகத் தலைப்பு' என்றும், இறுதித் தலைப்பு இரு தரப்பின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு முடிவு செய்யப்படும் என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். நியாயமான எந்தப் பதிப்பகமும் மறுக்காது. மறுத்தால், கையெழுத்துப் போடும் முன் ஏன் என்று கேட்டுவிடுங்கள்.